கடைசி அத்தியாயத்து நல்லவர்

பாலக்காட்டில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த என் மகள், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்கு நாவல் கதை சொல்லுவாள். விக்டோரியா மகாராணி காலத்து எழுத்தாளர் ஒருவரைத்தான் அவள் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தாள். அவர் தம் நாவல்களை மாதாமாதம் பகுதி பகுதியாக வெளியிட்டவராம். அவளும் கதையை அப்படித்தான் சொன்னாள். ஓணத்துக்குப் பாதியில் விட்டதைக் கிறிஸ்துமஸுக்கு வந்து தொடருவாள்.

நான் பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் இருந்தேன். பத்தாவது வரை படித்தவன். மனைவி இறந்துபோன பிறகு, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் நானும் மகளும்தான். அந்த நாவல்களில் வீடிழந்தவர்களும், கடனுக்காகச் சிறை போனவர்களும், தாயில்லாப் பிள்ளைகளும் நிறைய வந்தார்கள். லண்டன் மூடுபனியை அவள் விவரித்தபோது புரிந்துகொள்ள எனக்குச் சிரமமே இல்லை. எங்கள் வாசலிலும் அதுதான் நின்றது.

"அப்புறம் அந்தப் புள்ள என்ன ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பயப்படாதீங்கப்பா. கடைசி அத்தியாயத்துல ஒரு நல்ல மனுசனைக் கூட்டியாந்து நிறுத்திருவாரு. அவரு சொத்தை எழுதி வச்சிருவாரு."

"நல்லதுதானே."

"அது அவரோட பலவீனம்னு எங்க சார் சொல்றாரு. அதைப் பத்தித்தான் நான் கட்டுரை எழுதப் போறேன்."

"ஒங்க சாருக்குச் சொந்த வீடு இருக்கும்" என்றேன். வெகுநேரம் சிரித்தாள்.

அவளுடைய கடைசி வருடத்து மழைக்காலத்தில் என் இருமல் நிற்காமல் போயிற்று. நெஞ்சில் தூள் படிந்திருக்கிறது, இனித் தொழிற்சாலைக்குள் போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஆள் உள்ள குடும்பத்துக்குத்தான் வீடு. ஒருவர் வேலையை விட்டு நின்றால், மகனோ மகளோ அந்த இடத்தில் பேர் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் இதைத் தெரிந்தேதான் வளர்ந்தார்கள். கல்லூரிக்குப் போனவளுக்கு இது பொருந்தாது என்று நான் நினைத்திருந்தேன். வீட்டை ஒப்படைத்துவிட்டு மலை இறங்கி, கம்பத்தில் தம்பி வீட்டில் ஒண்டிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பரீட்சை முடியட்டும் என்று அவளுக்குத் தெரிவிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். பிறகுதான் நான் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"பேர் பதிஞ்சுட்டேம்பா" என்றாள்.

"யாரைக் கேட்டு?"

"நம்ம லயத்துல யாரு கேட்டுட்டுப் பதிஞ்சா?"

"பரீட்சை?"

"அது எங்கயும் ஓடிறாது. கஞ்சி ஆறுது, குடிங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, அவள் பின்னாலேயே பெரட்டுக்களத்துக்குப் போனேன். தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் ஆள் எண்ணும் இடம் அது. இடுப்பில் சாக்கைக் கட்டி, முதுகில் கூடையோடு அவள் வரிசையில் நின்றாள்.

"ஏளா, எம்.ஏ. கொழுந்து வந்துருக்கு, நகருங்க" என்றாள் வயதான ஒருத்தி. "இங்கிலீசுல கிள்ளுவியா, தமிழ்ல கிள்ளுவியா?"

"எதுலயும் கிள்ளத் தெரியாது அத்தை. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. சிறு வயதிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்தவர்கள்தான்.

நான் சூப்பர்வைசரிடம் போய், "புள்ள பேரை எடுத்துருங்க, வீட்டைக் காலி பண்ணிர்றோம்" என்றேன்.

அவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "ஒருக்கா எடுத்துட்டா மறுபடி பதிய முடியாதுண்ணே. இந்த நெஞ்சை வச்சிக்கிட்டுத் தம்பி வீட்டுல எத்தனை நாளைக்கு இருப்பீக?"

நல்ல மனிதர். அவரால் ஆனது அவ்வளவுதான்.

"அப்பா, ஈரக்காத்து அடிக்குது. வீட்டுக்குப் போங்க" என்றாள் மகள். என் பக்கம் திரும்பவில்லை. வரிசை மலையேறிப் போனது.

அந்த வருடப் பரீட்சை அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. அடுத்த வருடத்துப் பரீட்சையும் போயிற்று. தனியாக எழுதலாமே என்று நான் ஆரம்பித்தால், "பாப்பம்பா" என்பாள். கொழுந்துக் கறை ஏறி அவள் விரல்கள் கறுத்துவிட்டன. மழை பெய்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. சரிவில் சறுக்குமே, காலில் அட்டை ஏறுமே என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன்.

வீடு இப்போது அவள் பேரில் இருக்கிறது. எனக்கு மருந்து தருவதும் அவள் பேரில்தான். போன வாரம் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த மலையாள நர்ஸ், "மோள்க்கு எந்தா ஜோலி?" என்று மகளின் வேலையைக் கேட்டாள். படிக்கிறாள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.

"கொழுந்து எடுக்குது" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.