யானைக்கு ஒரு கண் குறைகிறது

மாதச் சந்தா கட்டி, தபாலில் படப்புதிர் வரவழைத்து அடுக்கும் சக்கரவர்த்தி இந்த ஜவ்வாது மலையில் நான் ஒருவன்தான். இது உலகறிந்த செய்தி.

இந்த மாதப் பெட்டியில் யானை வந்தது. வாசலில் பாய் விரித்து, சோறு தண்ணீர் மறந்து, முதுகு வில்லாய் வளையும்வரை அட்டைத் துண்டுகளைக் கோத்தேன். இன்று காலை எல்லாம் முடிந்தது. யானைக்குக் கண் மட்டும் இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டு முழங்கினேன். அடிவாரம் வரை பறவைகள் பறந்தோடின. எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்:

"சார், காணாம போன துண்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வேற அனுப்பி வெக்கிறோம்."

"காணாம போனத எப்டிம்மா போட்டோ எடுக்கறது?"

"போட்டோ இல்லாம கம்ப்ளைண்ட் ஏறாது சார்."

சந்தாவையே ரத்து செய்வேன் என்று சபதமிட்டு போனை வைத்தேன்.

புளி தட்டிக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவே இல்லை.

"இன்னாத்துக்கு அந்தப் பொண்ணாண்ட கத்துறீங்க? நேத்து மழ தூறுச்சுன்னு பாயில கெடந்த என் புளிய வாரி மூட்டையில போட்டீங்களே. பக்கத்துலதான உங்க யானயும் கெடந்துச்சு?"

யானையும் புளி நிறம்தான். மூட்டையோ காலை ஜீப்பிலேயே ஆலங்காயம் சந்தைக்கு இறங்கிவிட்டது.

ஆகவே, இன்று அங்கே புளி வாங்கிய பெருமக்களே! ரசத்துக்குக் கரைக்கும்போது கண் ஒன்று உங்களைப் பார்த்தால் பயப்படாதீர்கள். ஒரு போட்டோ மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

கம்பெனி கேட்கிறது.