குட்டைப் புழு

என் தம்பி கைக்குழந்தையாகப் பாயில் கிடந்தபோது, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் அம்மா அவனைத் தாண்டிவிட்டாள். தாண்டினால் குழந்தை வளராது, உடனே திரும்பத் தாண்ட வேண்டும் என்பார்கள் எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம். ஹாரன் அடித்ததால் அவள் திரும்பவில்லை.

தம்பி குட்டையாகவே இருந்தான். போன வருஷம் இதயத் துடிப்பு தடுமாறிச் செத்தும் போனான். "கொழந்தைய தாண்டிக்கினு ஓடுனா வெளங்குமா?" என்று தெருவே பேசியது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருளைப்புழுக்களோடு வேலை செய்கிறேன். உயிரணுவின் சவ்வில் உப்பின் அயனிகள் போய்வரும் வாசல்கள் உண்டு. அப்படியொரு வாசலைக் கட்டும் மரபணு பழுதானால் போதும், நூலாக நீள வேண்டிய புழு குட்டையாகத் தடித்துவிடும். தம்பியைக் குட்டையாக்கியதும் அவன் இதயத்தைத் தடுமாற வைத்ததும் அந்த மாதிரி ஒரு வாசலின் பழுதுதான் என்ற பரிசோதனை முடிவு, அவன் போன பிறகுதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய், நீளப் புழுவையும் குட்டைப் புழுவையும் போனில் அம்மாவுக்குக் காட்டினேன். எல்லாவற்றையும் விளக்கினேன்.

"பாத்தியா, இத யாரும் தாண்டல. நீ ஒண்ணும் பண்ணலம்மா."

அம்மா திரையில் குட்டைப் புழுவை விரலால் தடவினாள்.

"அந்தப் பழுது அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன்.

"எங்கிட்டேர்ந்தா?"

அதற்கும் பரிசோதனை உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வுடு. நான் தாண்டுனதாலன்னே இருந்துட்டுப் போவட்டும்."