வலது பக்கம் திரும்பினால் மட்டும்

நாகவல்லியின் வண்டியில் முன் சீட்டு எனக்குத்தான். அயனம்பாக்கத்தில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கும் நாலு பெண்களில் நான் மூத்தவள், வாயும் கொஞ்சம் நீளம். வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் பாட்டைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்பது என் கட்சி. நாகவல்லி அப்படியில்லை. பாட்டை அணைத்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பாள்.

வெள்ளானூர்க்காரி. அம்மா கழனி வேலைக்குப் போனவர். இவள் பத்து வருஷம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காலர் தைத்தாள். ஒரு நாள் காலர் போதும் என்று எழுந்தவள், லைசென்ஸ் எடுத்து, வளையலை விற்று, பழைய வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டாள்.

புருஷன் ஜெகதீசன் எஸ்டேட்டில் ஃபிட்டர். ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நிபந்தனை போட்டான். ஆறு மாதம் ஓட்டலாம், அதற்குள் வண்டி ஒரு தரம் மக்கர் பண்ணினாலும் விற்றுவிட வேண்டும். இவளும் வீம்புக்குச் சரியென்று தலையாட்டிவிட்டாள். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. தினமும் காலையில் முன் சீட்டில் உட்கார்ந்து அவனை ஒரு பாட்டம் திட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே கியர் மாற்றுவாள்.

ஐந்தாவது மாதம், ரெண்டு நாள் மழை விட்ட காலையில், ஏரிக்கரை வளைவில் அந்தச் சத்தம் வந்தது. கடகடகட. வலது முன் சக்கரத்திலிருந்து. நேராகப் போனால் இல்லை, இடது பக்கம் திரும்பினாலும் இல்லை. வலது பக்கம் முழுசாக ஒடித்தால் மட்டும்.

"அக்கா, அந்த ஆளாண்ட மூச்சு வுடாத. தெரிஞ்சா வண்டி பூடும்" என்றாள்.

அவள் தெருவுக்குள் வலது பக்கம் திரும்பித்தான் நுழைய வேண்டும். அதனால் மூன்று நாள் சாயங்காலமும் ஊரையே சுற்றி, அந்தக் கோடி வழியாக இடது பக்கம் ஒடித்து வீட்டுக்குப் போனாள். டீசலும் போச்சு, நிம்மதியும் போச்சு.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். மற்றவர்களை இறக்கிவிட்டு, அண்ணனூரில் ரயில் பாதையோரம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் கோவிந்தனிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்னாலிருந்த காலி மனைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார். மின்சார ரயில் ஒன்று கடக்கும்வரை கையைத் தூக்கிக் காத்திருந்தார். பிறகு நடுவில் குந்திக்கொண்டு, "ரவுண்டு அடி" என்றார்.

வலது பக்கம் ஐந்து சுற்று, இடது பக்கம் ஐந்து சுற்று. எனக்குத் தலை சுற்றியது.

"வேற எங்கனா காட்னா ஆக்சில் பூட்ச்சுன்னுவான், நம்பிடாத" என்றார் கோவிந்தன். "ரைட்ல ஒடிச்சா அநேகமா லெஃப்ட் ஆக்சில்தான் கத்தும். இது ரைட்லயே கத்துது. பேரிங்கா இருந்தா நேரா போறப்பவும் உறுமும். இன்னாவோ உரசுதும்மா."

சக்கரத்தை முழுசாகத் திருப்பச் சொல்லி, கோணியை விரித்து டார்ச்சோடு உள்ளே தலையை விட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"யம்மா, உள்ள ஒரு கோயிலே கீது."

பம்பருக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு திருஷ்டிக் கயிறு தொங்கியது. படிகாரம், சின்னச் சங்கு, ஏழு சோழி. எல்லோரும் ஊர் பார்க்க வண்டி முன்னால் கட்டுகிற அதே கயிறுதான். மழையில் தொய்ந்துபோய், சக்கரம் வலது பக்கம் ஒடியும்போதெல்லாம் சோழிகள் டயரில் பட்டிருக்கின்றன.

"பழைய ஓனர் கட்டினதா இருக்கும். அறுத்துடட்டா?" கட்டிங் பிளேயரை எடுத்தார் கோவிந்தன்.

நாகவல்லி மண்ணில் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தாள். கயிற்றைக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தது. கம்பியை இடது பக்கமாக முறுக்கி, கையைக் கிழிக்காதபடி முனையை உள்ளே மடக்கியிருந்தது.

"அறுக்காதீங்கண்ணா" என்றாள். "எங்க ஊட்டுத் துணிக்கொடி, கேஸ் டியூபு, எல்லாத்துலயும் இந்த முறுக்குதான் கீது. அந்த ஆளு இடது கைக்காரன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்து மாதமாக அவனைத் திட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. கோவிந்தன் கயிற்றை மட்டும் நாலு விரல் சுருக்கி முடிச்சுப் போட்டார். கம்பியில் கைவைக்க அவள் விடவில்லை.

அன்று என்னையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாள். தெருமுனையில் வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் நன்றாக ஒடித்தாள். சத்தமே இல்லை. வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த ஜெகதீசன் நிமிர்ந்தான்.

"சத்தம் நின்னுச்சா?"

நாகவல்லி இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "உனுக்கு எப்டிய்யா தெரியும்?"

"டெய்லி காலைல நீ ரைட்ல ஒடிச்சு ரிவர்ஸ் எடுக்க சொல்லோ உள்ளேர்ந்து கேட்டுகினுதான கீறேன். மூணு நாளா."

"கேட்டுட்டு ஏன் சும்மா இருந்த? விக்கணும்னு சொன்னியே."

ஜெகதீசன் துணியை உதறிக் கம்பியில் போட்டான். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சத்தம்தான வந்துச்சு. அது மக்கர்ல சேராது" என்று சொல்லிவிட்டு, எனக்கு நாற்காலி எடுக்க உள்ளே போனான்.