திருநீறு பூசிய சன்னங்கள்

காற்றுத் துவக்குக்குச் சன்னம் தெரிந்தெடுப்பதைப் பற்றி என்னைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுவிஸில் ஊஸ்டர் என்ற ஊரில் துப்புரவு வேலைக்கென்று தனியாளாகத் தொடங்கிய கொம்பனியில் இன்றைக்கு ஆறு வான் ஓடுகிறது. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் அதன் குணம் எனக்கு விளங்கிவிடும். ஈயச் சன்னத்தின் குணமும் அப்படித்தான் விளங்கியது.

மகள் ஒரு சுவிஸ் பெடியனை விரும்பினாள். சோலோதுர்ன் பக்கம் அவர்களுக்கு மாட்டுப் பண்ணை. பெடியன் தங்கம். தகப்பன்தான் வாய் திறக்காத மனிதர். முதல் தரம் போனபோது அந்தப் பின்னேரம் முழுக்க நான்தான் கதைத்தேன். என்னுடைய டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், இலக்கணம் இல்லை, ஆனால் வேகம் இருக்கிறது. வான் கதை, வீடு வாங்கின கதை எல்லாம் சொல்லியும் அவர் கோப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிற வேட்டைக்காரர் என்று பெடியன் சொன்னதும், இளவயதில் வன்னியில் காற்றுத் துவக்கால் முயலும் காட்டுப்புறாவும் சுட்டதை எடுத்துவிட்டேன். அப்போதுதான் மனிதர் தலையை நிமிர்த்தினார்.

"என்ன சன்னம்?"

கிடைத்ததைப் போட்டுச் சுட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. "தெரிஞ்செடுத்த சன்னம்" என்றேன்.

"அப்ப அடுத்த ஞாயிறு தெரிஞ்செடுத்துக் கொண்டு வா. என்ரை தகப்பன்ரை துவக்கும், சுட்டுப் பழகத் தகர முயலும் இருக்கு."

திரும்பி வரும்போது மகள் காருக்குள் அழுதாள். "அவருக்கு எங்களைப் பிடிக்கேல்லை அப்பா. ஞாயிற்றுக்கிழமையாவது பெரிசாக் கதைக்காதேங்கோ. அந்தத் துவக்கை அவர் தன்ரை பெடியனையே தொட விடுறேல்லையாம்."

அவள் அழுதால் எனக்குக் கைகால் ஓடாது. அடுத்த நாளே சூரிச்சில் ஒரு துவக்குக் கடைக்குப் போனேன்.

"முயலுக்குச் சன்னம் வேணும்."

கடைக்காரனின் முகம் இறுகியது. இந்த நாட்டில் காற்றுத் துவக்கால் உயிர் ஒன்றையும் வேட்டையாட முடியாது என்றான்.

"தகர முயல், தம்பி! பட்டால் விழுந்து திரும்ப எழும்புற தகர முயல்!"

சிரித்துக்கொண்டு மூன்று விதம் எடுத்து வைத்தான். தட்டைத் தலைச் சன்னம் கிட்ட நின்று கடதாசியில் சுடத்தான் திறம். தூரம் கூடினால் தள்ளாடும். ஊசித் தலையைப் பார்த்தால் பயம் வரும். ஆனால் முனை கொஞ்சம் நசுங்கினாலும் எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது. என்னோடு வேலை செய்த சிலரும் அப்படித்தான். உருண்டைத் தலைதான் தூரத்துக்கு நிதானமாகப் போகும். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் முயல், புறாவுக்கு அதைத்தான் போடுவார்களாம். அதிலும் பாரத்தைப் பார்க்க வேண்டும். நொய்ந்ததைக் காற்று தள்ளும். பாரமானதைச் சுருள்வில்லால் இயங்குகிற பழைய துவக்கு பாதி வழியில் போட்டுவிடும். நடுப்பாரத்தில் உருண்டைத் தலை ஒரு தகரப் பேணி வாங்கினேன்.

சனிக்கிழமை குசினி மேசையில் என் மனுசியின் கறுப்புச் சால்வையை விரித்து, சன்னங்களைக் கொட்டினேன். பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். அது நெளிந்திருந்தால் காற்றுக் கசியும், குறி தப்பும். மனுசியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து இருந்தாள். அரிசியில் கல்லுப் பொறுக்கின கண் அது. நான் நல்லதென்று விட்டதிலும் நெளிவு கண்டுபிடித்தாள்.

"தகரத்தைச் சுட இவ்வளவு பாடோ?"

"பிள்ளைக்காகவப்பா."

அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் குனிந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணை முற்றத்தில் அவர் துவக்கைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். வேலிக்கு அங்காலே தகர முயலும் காகமும் நின்றன. என் பேணியை வாங்கித் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சன்னம் எல்லாம் சாம்பல். மேலே இருந்ததில் சந்தனப் பொட்டு.

"அப்பா, என்ன இது?" மகளின் சத்தம் உடைந்துபோயிருந்தது.

"நான்தான் பிள்ளை," என்றாள் மனுசி. "விடிய முருகனுக்கு முன்னாலை வைச்சு..."

பிழை என்று எப்படிச் சொல்வேன்? என் முதல் நிலம் கழுவும் மெசினுக்கும் ஆறு வானுக்கும் பொட்டு வைத்தவள் அவள். ஆனால் தூள் ஒட்டின சன்னம் குழாயின் உள்பக்கத்தைக் கீறிவிடும். அதுவும் அவருடைய செத்துப்போன தகப்பனின் துவக்கு. வாழ்க்கையில் முதல் தரமாக எனக்குப் பெரிய கதை ஒன்றும் வாயில் வரவில்லை. "எங்கடை ஆக்கள் புதுச் சாமானைப் பாவிக்க முதல் இதைப் பூசிக் கும்பிடுவினம். நல்லா நடக்கவேணும் எண்டு," என்று மட்டும் சொன்னேன்.

அவர் விரலால் தொட்டு மணந்து பார்த்தார். "என்ன சாம்பல்?"

"மாட்டுச் சாணி. எரிச்சு எடுக்கிறது."

மனிதர் மெல்லத் திரும்பித் தன் மாட்டுக் கொட்டிலைப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. கோபமாக்கும் என்று நினைத்தேன். சிரிப்பு!

"பிறந்த நாள் தொட்டு இந்தச் சாணியை அள்ளிக் கொட்டுறன். ஒருத்தன்கூடக் கும்பிடேல்லை!"

பெடியனே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தகப்பன் இப்படிச் சிரித்து அவன் கண்டதில்லையாம்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் முற்றத்து வாங்குப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, மெல்லிய துணியால் சன்னங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தோம். அவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாவாடையைப் பார்த்தார். இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"ஒண்டும் நெளியேல்லை. ஆர் பொறுக்கினது?"

மனுசியைக் காட்டினேன். எழும்பிப் போய் அவளுக்குக் கை கொடுத்தார். பிறகு துவக்கின் மரப்பிடியை அவள் பக்கம் நீட்டினார். "இதிலை வைக்கலாம். இரும்பிலை வேண்டாம்."

பேணி மூடியில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தொட்டு அவள் பொட்டு வைத்தாள். மகள் பெடியனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்த முறை அவள் அழுதபோது எனக்குக் கைகால் நன்றாகவே ஓடியது. முதல் சன்னத்திலேயே முயலை விழுத்தினேன். காகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கலியாணம் முடிந்துவிட்டது. சம்பந்தி இன்னமும் வாய் திறக்காத மனிதர்தான். போன கிழமை மட்டும் தானாகவே தொலைபேசி எடுத்தார். நான் வழமைபோல வான் கதை தொடங்க, இடையில் வெட்டினார்.

"உன்னோடை இல்லை. மனுசியிட்டைக் குடு. செவ்வாய்க்கிழமை புது டிராக்டர் வருது. அந்தச் சாம்பலோடை வரச் சொல்லு."