ஒரு நோட்டுக்கு இரண்டு பிரதிநிதிகள்

காலை ஆறரைக்கு வரவேண்டிய பஸ் ஏழேகாலுக்கு வந்தது. அலங்காநல்லூருக்கு வடக்கே இரண்டு மைலில், சாலையோரப் புளியமரந்தான் எங்கள் ஊருக்கு நிறுத்தம். ஆறு மணிக்கே போய்விட்ட நான் அந்த மரத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று கேட்காதீர்கள். ஓரிடத்தில் நிற்பது என் சுபாவத்தில் இல்லை. பயிரில் மேய்ந்து பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பவுண்டில் எனக்கு வேலை. உள்ளே கிடக்கும் மாடுகளுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சாயங்காலத்தில் எங்கள் வாசகசாலையில் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவதும் நானே.

அன்று மதுரையில் கிராம வாசகசாலைத் தொண்டர் மகாநாடு. பிரதிநிதிக் கட்டணம் எட்டணா, காலை பத்து மணிக்குள் பெயர் பதியவேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. வெளி ஜில்லாக்காரர்களுக்கு மூன்றாம் வகுப்பு ரயில் சார்ஜை மகாநாடே கொடுக்குமாம். பதினைந்து மைலுக்குள் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் சொந்தச் செலவில் வரவேண்டுமாம். கடைசி வரிக்காகத்தான் நான் புறப்பட்டேன்: ஒவ்வொரு பஸ் பாதைக்கும் அறுபது புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி இனாம், பதிவு செய்த பிரதிநிதிகளின் ஊர்களில் ஏதேனும் ஒன்றுக்கு.

எங்கள் வாசகசாலையில் இருந்தவை மூன்றே புத்தகங்கள். அதில் ஒரு நாவலுக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை. அது தெரியாமல் இருபது நாள் படித்துக் காட்டிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கதாநாயகி என்ன ஆனாள் என்று பவுண்டுக்கே வந்து கேட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் வீடு வீடாக அரையணாவும் காலணாவுமாக ஒரு ரூபாய் வசூலித்து என்னை அனுப்பினார்கள். கட்டணம் எட்டணா, பஸ்ஸுக்குப் போக நாலணா, வர நாலணா. அவ்வளவு செம்புக் காசும் துணி முடிச்சாக என் மடியில் கனத்தது.

பஸ் யுத்தகாலத்துக் கரி பஸ். பெட்ரோல் கிடையாது, பின்னால் கட்டியிருக்கும் அடுப்பில் கரி எரிந்து, அந்தப் புகையில் ஓடவேண்டும். கண்டக்டர் டிக்கெட் கேட்க, நான் முடிச்சை அவிழ்த்தேன். அவர் கண் அகன்றது. யுத்தம் தொடங்கியதிலிருந்து சில்லறை எங்கோ போய் ஒளிந்துகொண்டிருந்தது. சில்லறை இல்லாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருக்குச் சண்டை.

"அண்ணே, அம்புட்டையும் எனக்குத் தந்திருங்க. முழுசா ஒரு ரூபா நோட்டுத் தாரேன். போகவும் வரவும் டிக்கெட்டு வேணாம்" என்றார்.

எனக்கு இரட்டை லாபமாகப் பட்டது. பட்டணத்துக்காரர்கள் முன்னால் காலணா காலணாவாக எண்ணி மானம் போக வேண்டியதில்லை. ஊருக்கும் எட்டணா மிச்சம். நோட்டை நாலாக மடித்துப் பையில் வைத்ததும் நானும் ஒரு பெரிய மனிதன் ஆகிவிட்டதுபோல் இருந்தது.

வழியில் உள்ள குமாரத்தில் காசிம் பாய் ஏறினார். தையல்காரர், தம் கடை வாசலிலேயே பெஞ்சு போட்டு வாசகசாலை நடத்துகிறவர். மகாநாட்டுக்கா என்று கேட்டேன். ஆமாம், ஆனால் பஸ் சார்ஜுக்கு மட்டுந்தான் தேறியது, கட்டணத்துக்கு வழியில்லை, பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வரலாம் என்று புறப்பட்டதாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்தப் பாதையில் வேறு போட்டி இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எட்டரை மணிக்குச் சிக்கந்தர் சாவடிக்கு முன்னால் ஒரு சிறு மேட்டில் பஸ் படுத்துவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கிளீனர் அடுப்பைக் கிளறினான், மறுபடி தள்ளினோம். பத்து மணி, பத்து மணி என்று நான் முணுமுணுத்துக்கொண்டே தள்ளியதில் காசிம் பாய் சிரித்துவிட்டார். கல்பாலத்தின் மேல் வைகையைத் தாண்டி யானைக்கல்லில் இறங்கும்போது மணி ஒன்பது முப்பத்தைந்து. வடக்கு வெளி வீதியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ஓடினேன்.

பதிவு மேஜைக்காரர் என் நோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். சில்லறை இல்லையாம். மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது. கட்டணம் எட்டணா, அதற்குமேல் ஒரு தம்பிடி வாங்க அவருக்கு அதிகாரம் இல்லை, நன்கொடைக்கு வேறு மேஜை, அந்த மேஜைக்கு உரிய காரியதரிசி பதினொரு மணிக்குத்தான் வருவார் என்றார்.

வடக்கு மாசி வீதிக்கு ஓடினேன். காபி கிளப்பில் கையை விரித்தார்கள். வெற்றிலைக் கடைக்காரர், அரையணாவுக்கு ஏதாவது வாங்கினால் மீதிக்குச் சீட்டு எழுதித் தருவதாகவும், அது அவர் கடையில் மட்டும் செல்லும் என்றும் சொன்னார். கொண்டுவந்த செம்பையெல்லாம் கண்டக்டரிடம் கொட்டிவிட்டு வந்த என் புத்தியை நானே நொந்துகொண்டேன். திரும்பி வந்தபோது ஒன்பது ஐம்பது. தண்டம் கட்ட ஆளில்லாத மாடு பவுண்டில் நிற்பதுபோல் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"ரெண்டு பேரா வந்தா ஒரு ரூபா சரியாப் போகும். இன்னொரு ஆளைக் கூட்டியாங்க" என்றார் மேஜைக்காரர்.

மூங்கில் வேலிக்கு வெளியே காசிம் பாய் நின்றிருந்தார். அவர் உள்ளே வந்தால் பெட்டிக்கு இரண்டு ஊர். வராவிட்டால் நானும் வெளியே. இரண்டு மூன்று நிமிஷம் வேறு ஆளைத் தேடினேன். அதை மறைக்க விரும்பவில்லை. யாரும் கிடைக்காமல் போய்த்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வாங்க பாய், உங்களுக்கும் சேர்த்துக் கட்டுறேன் என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பத்து மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் எங்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின.

காலைக் கூட்டம் முழுவதும் ரயில் சார்ஜ் பற்றி. மூன்றாம் வகுப்புக்கு ஒரு படி மேலான இன்டர் வகுப்பில் வந்தவருக்கு மூன்றாம் வகுப்புச் சார்ஜ் கொடுக்கலாமா, கூடாதா என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். நான் நாலு தடவை எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். காசிம் பாய் அசையாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் சட்டைக்கு அளவெடுப்பதுபோல் கேட்டார்.

மூன்று மணிக்குப் பெட்டிகள். எங்கள் பாதைக்கு இரண்டே ஊர்கள். தலைவர் இரண்டு பேரையும் பேசச் சொன்னார். நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் காசிம் பாய் எழுந்துவிட்டார்.

"எனக்குக் கட்டணம் கட்டுனதே இவருதாங்க. வெளிய நின்னவனைக் கைபிடிச்சு உள்ள கூட்டியாந்தாரு. பெட்டி அவுக ஊருக்கே போகட்டும்."

பந்தல் முழுவதும் கைதட்டியது. தலைவர் என்னைக் காட்டி, தொண்டு என்றால் இதுதான் என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வாயைத் திறந்தால் பெட்டி போய்விடும். திறக்கவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து மணி பஸ். அதே கண்டக்டர். பெட்டி மேலே ஏறியது. காசிம் பாய் மகாநாட்டில் கேட்டதையெல்லாம், கைதட்டல் உட்பட, கண்டக்டரிடம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். குமாரம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல மனசால் கட்டவில்லை, சில்லறை இல்லாததால்தான் கட்டினேன் என்று கடைசியில் அவர் காதோடு சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணே. மேசைக்காரரு சொன்னது வேலிக்கு இங்கிட்டே கேட்டுச்சு. ஆனா நோட்டு உங்களுதுதானே? அது போதும்" என்றார். இறங்கி, பஸ்ஸின் தகரத்தில் தட்டிவிட்டு, வாரேண்ணே என்று நடந்துபோனார்.

பஸ் நகர்ந்த பிறகுதான் உறைத்தது. நோட்டும் என்னுடையதல்ல, ஊருடையது.

கைதட்டின கதையை இரண்டே நாளில் கண்டக்டர் ஊருக்குள் பரப்பிவிட்டார். நம் ஊர் பேரைக் காப்பாற்றினாய் என்று வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். பெட்டியை மாதம் விட்டு மாதம் குமாரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்டால் ஏன் என்பார்கள், காரணத்தை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன். இந்தப் பத்திரிகை எங்கள் வாசகசாலைக்கு வருவது. அதை உரக்கப் படித்துக் காட்டவேண்டியவனும் நான்தான். இந்த இடம் வரும்போது பக்கத்தை நழுவவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வருகிறது. ஆனால் கடைசிப் பக்கம் இல்லாத கதையை அவர்களுக்கு ஒருமுறை படித்துக் காட்டியதே போதும்.