இறக்கத்தில் நிற்கும் ஜீப்

எங்கள் ஜீப் வழியில் நின்றுவிட்டால் நான் முதலில் செய்வது, பக்கத்தில் இருப்பவரைப் பேசவிடாமல் செய்வதுதான். "இரு, இரு" என்று கையை உயர்த்திவிட்டு இறங்குவேன். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டால் அதன்பிறகு அங்கே நான் வைத்ததுதான் சட்டம். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் என் மனைவிதான்.

அவள் மேகமலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். நான் சின்னமனூரில் வாழை போட்டிருப்பவன். வாரம் முழுக்க அவள் மேலே குவார்ட்டர்ஸில் இருப்பாள். திங்கள் விடிகாலை நான் கொண்டுபோய் விடுவேன், வெள்ளி சாயங்காலம் மேலே போய்த் தங்கி, சனி காலையில் கூட்டிக்கொண்டு வருவேன். பதினொரு வருடம் இப்படித்தான் ஓடியது. மலைக்குப் பஸ் உண்டு. ஆனால் ஜீப் வைத்திருக்கிறவன் பெண்டாட்டியைப் பஸ்ஸில் அனுப்புவதா என்று எனக்கு ஒரு வீம்பு.

அது பழைய பெட்ரோல் ஜீப். நான்தான் கேஸுக்கு மாற்றினேன். பின் சீட்டுக்குப் பின்னால் கேஸ் டேங்க், ஸ்டீயரிங்குக்குக் கீழே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்றுகிற சுவிட்ச், என்ஜினுக்குப் பக்கத்தில் வேப்பரைசர் என்று தட்டையான ஓர் அலுமினியப் பெட்டி. டேங்கிலிருந்து திரவமாக வரும் கேஸை ஆவியாக்கி என்ஜினுக்குக் கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை. கேஸ் போட்ட பிறகு பெட்ரோல் பக்கமே நான் போகவில்லை. பெட்ரோல் டேங்கின் அடியில் கொஞ்சம் பழைய பெட்ரோல் நாறிக்கொண்டு கிடந்தது.

இன்னொரு காரியமும் செய்திருந்தேன். ஒரு சித்திரையில் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும்போது வண்டி கொதித்துப் பாதியில் நின்றது. மறுநாளே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன். என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைத்திருக்கிற சின்ன வால்வு அது. எங்கள் பக்கத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய ஜீப்புகள் பலவற்றில் அது இருக்காது. வெயிலுக்கும் ஏற்றத்துக்கும் பயந்து கழற்றிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் கொதிக்காது. கழற்றியதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துவிட்டு, பெரிய வேலை செய்தவன் போல நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கியது. அடிக்கடி இல்லை, மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு தடவை. இழுவை குறையும், இருமும், அப்படியே ஓய்ந்துவிடும். நான் இறங்கி பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். பாயின்ட்டைப் பார்ப்பேன். காயில் வயரை ஆட்டிப் பார்ப்பேன். கேஸ் பில்டரைக் கழற்றி ஊதுவேன். இருபது நிமிடமோ அரை மணியோ ஆகும். சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். கையைத் துடைத்துக்கொண்டே, "பிளக்ல கரி" என்றோ "பில்டர்ல தூசி" என்றோ தீர்ப்புச் சொல்வேன். மறுபடி நின்றால் வேறொரு தீர்ப்பு. இத்தனை வியாதியும் ஒரே வண்டிக்கு எப்படி முறை வைத்து வரும் என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் கைவைத்தேன், வண்டி ஓடியது. அதற்குமேல் என்ன வேண்டும்?

அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

"ஏங்க, இது ஏறும்போது ஒரு நாளும் நிக்கல. காலைல குளுருல இறங்கும்போதுதான் நிக்குது, கவனிச்சீகளா?" என்றாள் ஒரு சனிக்கிழமை.

"வண்டிக்கு ஏத்தம் எறக்கம்லாம் தெரியாது" என்றேன்.

இன்னொரு நாள் அவளும் இறங்கி வந்து வேப்பரைசர் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "ஆத்தாடி, ஐஸ் கணக்கா இருக்கு. வெள்ளையா வேற பூத்திருக்கு."

"கேஸ்னா அப்படித்தான் இருக்கும். நீ போய் உக்காரு."

"கொஞ்சம் வெந்நி ஊத்திப் பாக்கலாமா?"

அவளிடம் எப்போதும் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் இருக்கும். பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வதால் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வருவாள். "என்ஜின் என்ன, புள்ள பெத்தவளா? வெந்நி ஊத்துறதுக்கு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள், அதன்பிறகு என்னிடம் அறிவியல் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஓர் இடம் காலியானது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். பதினொரு வருடம் சனி, ஞாயிறு மட்டும் அம்மாவாக இருந்தவள், அந்த ஒரு வருடமாவது அவளோடு வீட்டில் இருந்துவிட வேண்டும் என்று மனப்பாடம் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். தேனியில் இடமாறுதல் கலந்தாய்வு. காலை பத்து மணிக்கு மூப்புப்படி கூப்பிடுவார்கள். அவள் வரிசையில் நான்காவது. முன்னால் இருந்த மூன்று பேருக்கும் எங்கள் ஊர் வேண்டாம் என்று விசாரித்து வைத்திருந்தாள். போய் நின்றால் போதும், இடம் அவளுக்கு. கூப்பிடும்போது இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

வேலை நாள் என்பதால் அவள் மேலேதான் இருந்தாள். "முந்தின நாளே பஸ்ஸுல எறங்கி வந்துர்றேன்" என்று போனில் சொன்னாள்.

"எதுக்கு? நான் வர்றேன். காலைல ஆறு மணிக்குக் கெளம்புனா ஒம்பதுக்கெல்லாம் தேனியில நிப்போம்" என்றேன்.

பஸ் நேரத்தை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் விடவில்லை. "சரி, வாங்க" என்றாள் பிறகு.

முந்தின நாள் சாயங்காலமே மேலே போய்விட்டேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கைக்குழந்தையைத் தூக்குவது போல பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேயிலைக்கு நடுவே மூட்டமாக இருந்தது. என்ஜின் சூடாவதற்குள்ளேயே இறக்கம் தொடங்கிவிட்டது. ஆறே முக்காலுக்கு ஒரு பள்ளத்தில் வண்டி இருமியது. முன்னாலும் மேடு, பின்னாலும் மேடு. உருட்டிக்கொண்டு போகவும் வழியில்லாத இடமாகப் பார்த்து நின்றது.

"இரு, இரு" என்று கையை உயர்த்திவிட்டு இறங்கினேன்.

பிளக். பாயின்ட். காயில். பில்டர். வழக்கம்போலத் தொடங்கினேன். அவசரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் பிடிக்கும், உடனே ஓய்ந்துவிடும். பெட்ரோலுக்கு மாற்றிப் பார்த்தேன். நாறிப்போன பெட்ரோலில் இரண்டு தும்மல் போட்டது, அவ்வளவுதான். பாட்டரியும் களைத்துக்கொண்டு வந்தது. அவள் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள். வேப்பரைசர் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை இரண்டு பேருமே பார்த்தோம்.

"வெந்நி இருக்கு" என்றாள்.

"பேசாம இருக்கியா கொஞ்சம்?"

இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது. அவள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. தோன்றியதால்தான் கோபம் வந்தது. அவள் சொல்லி வண்டி ஓடிவிட்டால், அதுவரைக்கும் நான் சொன்ன தீர்ப்பெல்லாம் என்ன ஆவது? அவளுடைய ஒரு வருடத்தையும் என்னுடைய வீம்பையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

எட்டு மணிக்கு மேலேயிருந்து ஓர் எஸ்டேட் லாரி வந்தது. டிரைவருக்கு அவளைத் தெரியும். "ஏறுங்க டீச்சர், இன்னைக்குத்தான கவுன்சிலிங்? சின்னமனூர்ல எறக்கி விட்டுர்றேன்" என்றார். அவள் பைலோடு ஏறினாள். ஏறியவள் குனிந்து பிளாஸ்கை என் கையில் கொடுத்தாள்.

"குடிச்சிராதீக. அதுல ஊத்துங்க."

லாரி மேடேறி மறைந்த பிறகும் நான் ஊற்றவில்லை. இன்னொரு முறை நாலு பிளக்கையும் கழற்றித் தேய்த்தேன். திருப்பினேன், ஓடவில்லை. பக்கத்தில் பார்க்க ஆளில்லை. அதனால்தான் ஊற்றினேன் என்று நினைக்கிறேன். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. மெதுவாக அந்தப் பெட்டியின்மேல் சுற்றிலும் ஊற்றினேன். வெள்ளை நொறுங்கி வழிந்தது. பிளாஸ்க் பாதிகூடக் காலியாகவில்லை. சாவியைத் திருப்பினேன்.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

ஓடுகிற என்ஜின் முன்னால் பிளாஸ்கோடு நின்றேன். எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. கேஸ் ஆவியாகும்போது பெட்டி சில்லிட்டுப் போகும். உறைந்துவிடாமல் இருக்க என்ஜினிலிருந்து சூடான தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக அதைச் சுற்றிப் போக வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜினில், குளிரில் இறங்கும்போது தண்ணீர் சூடாகவே செய்யாது. ஏறும்போது என்ஜின் உழைத்துச் சூடாகிவிடுவதால்தான் நிற்கவில்லை. இத்தனை நாளும் நான் பழுது பார்த்து வண்டி ஓடவில்லை. நான் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் என்ஜின் சூட்டில் பெட்டி தானாக இளகியிருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஓடியிருக்கும். அன்றைக்குத்தான் இளக விடாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாவியைத் திருப்பி மறுபடி மறுபடி உறையவைத்திருக்கிறேன்.

கண்மண் தெரியாமல் இறங்கினேன். அடிவாரச் செக்போஸ்ட் தாண்டியும் லாரி கண்ணில் படவில்லை. சின்னமனூரில் அவளை இறக்கிவிட்டு லாரி நின்றுகொண்டிருந்தது. பஸ் ஏறிவிட்டாள் என்றார் டிரைவர். நான் தேனி போய்ச் சேரும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. கலந்தாய்வு நடந்த கட்டடத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் அவள் நின்றிருந்தாள். பைல் இப்போது கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பத்தரைக்குள்ள நம்ம ஊர் எடம் முடிஞ்சு போச்சாம். நான் வரும்போது பத்தாம் பத்து. மிச்சம் இருந்ததெல்லாம் ஆண்டிபட்டிக்கு அங்கிட்டு, வருசநாட்டுப் பக்கம். மேல இருக்கதே தேவலைன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். பெரிய முள்ளும் பத்தில் நிற்பதால், மணி பத்து ஐம்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

பிறகு ஜீப்பைப் பார்த்தாள்.

"ஊத்துனீகளா?"

"ஊத்துனேன்."

"எம்புட்டு நேரத்துல ஓடுச்சு?"

"ஒடனே."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அன்றைக்கே பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்து தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினேன். டேங்கில் புதுப் பெட்ரோலும் ஊற்றினேன். அதோடு சரி, அந்த வருடம் ஜீப் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மகள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாயங்காலம் போனில் சந்தேகம் கேட்பாள். அவள் அம்மா மேலே சிக்னல் கிடைக்கிற ஒரு பாறைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்று பதில் சொல்வாள். நடுவில் கட்டாகும். மகள், "நாளைக்கு வச்சுக்கிருவோம்மா" என்று கட்டான போனிலேயே சொல்லிவிட்டு வைப்பாள். அதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏறும்போது அந்தப் பள்ளம் வந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. நான் ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அவள் திடுக்கிட்டாள். "என்னாச்சு? நின்னு போச்சா?" என்று மடியிலிருந்த பிளாஸ்கைக் கையில் எடுத்தாள்.

"இல்ல. நான்தான் நிறுத்துனேன்."

பிறகு சொன்னேன். அன்றைக்கு அவள் சொன்னது சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் ஊற்றவில்லை, அவளுக்கு முன்னால் தோற்க மனம் வராமல்தான் ஊற்றவில்லை, அதனால்தான் அவள் இன்னும் இந்த மலை ஏறுகிறாள் என்றேன். சொல்லி முடித்த பிறகும் சாவியைத் திருப்பவில்லை.

அவள் பிளாஸ்கைத் திறந்து மூடியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "குடிச்சிட்டு வண்டிய எடுங்க. பெல் அடிச்சிருவாக."