சுகர் ஆராய்ச்சியில் எதற்கு அந்தக் கேள்வி?

இன்றைக்கு ஒரு ஆராய்ச்சியையே கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன் மக்களே!

மில்லர்புரத்தில் எனக்கு மளிகைக்கடை. சுகர் உண்டு, மாத்திரை உண்டு. சந்தேகம் அதைவிட அதிகமாகவே உண்டு!

போன வாரம் நானும் என் மனைவி செல்வியும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வழக்கமான செக்கப்புக்குப் போயிருந்தோம். எனக்குச் சுகர் பார்க்கும் டாக்டரம்மா நாசரேத்துப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷி. அவர்தான் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, எங்க காலேஜ்ல ஒரு ஆராய்ச்சி நடக்கு. கையில சின்னதா ஒரு பேட்ச் ஒட்டுவோம். அதுல இருக்க சிப்பு நாள் முழுக்க உங்க சுகரை போன்ல காட்டிக்கிட்டே இருக்கும். சேருதீங்களா?"

"எவ்வளவு ஆகும்?"

"ஃப்ரீ."

அங்கேயே எனக்குள் மணி அடித்துவிட்டது. ஃப்ரீயாக ஒருவன் கொடுக்கிறான் என்றால் வேறு எங்கேயோ எடுக்கிறான். கடைக்காரனுக்குத் தெரியாதா இது?

சிப் செய்த இன்ஜினியர் தம்பியும் அங்கேதான் இருந்தார். "உள்ள நானோ செமிகண்டக்டர் கம்பி இருக்கு சார். தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு" என்றார்.

"காட்டுங்க பாப்போம்."

"கண்ணுக்குத் தெரியாது சார்."

(கண்ணுக்குத் தெரியாத சரக்கை நான் விற்றால் நீங்கள் சும்மா விடுவீர்களா?)

செல்வி தொடையில் கிள்ளியதால் சேர்ந்தேன்.

பிறகு டாக்டரம்மா அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் கேள்விகள் கேட்டார். சாப்பாடு, தூக்கம், கால் மதமதப்பு. எல்லாம் சரி. திடீரென்று, "வீட்டம்மாகூட தாம்பத்தியம் எப்படி இருக்கு? ஏதாவது சிரமம் உண்டா?" என்றாரே பார்க்கலாம்!

காது இரண்டும் சுட்டுவிட்டது எனக்கு.

"சுகருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் ஜம்முன்னு இருக்கு!"

பொய். சுத்தப் பொய்!

ஒரு வருஷத்துக்கும் மேலாக உடம்பு ஒத்துழைக்கவில்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "கடையில நின்னு அசதியா இருக்கு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். செல்வி முதலில் என்ன ஏது என்று கேட்டாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். வீட்டில் பேச்சும் சுருங்கிப்போனது. அவள் எனக்கு இல்லாமலே போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் பயம்.

சுகர், சிப், படுக்கையறை. மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். இந்தச் சிப் எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுமோ?

(பேட்ச் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். சிரிக்காதீர்கள்!)

புதுத் தராசு வாங்கினால் நான் முதலில் செய்வது ஒன்றுதான். தட்டைக் காலியாக வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பேன். சிப்பையும் அப்படியே சோதித்துவிட முடிவு செய்தேன்.

இன்று காலை இட்லி இல்லை, பழம் இல்லை. பெரிய தம்ளர் நிறையக் கருப்பட்டிக் காப்பி மட்டும். சீனி ஒரு பொட்டுக்கூட இல்லை. என் கணக்கில் அது காலித்தட்டு!

கொஞ்ச நேரத்தில் போனைப் பார்த்தால் சுகர் ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது!

சிக்கிட்டானுவ!

வீட்டு மெஷினில் விரலைக் குத்தியும் பார்த்தேன். அதிலும் ஏறித்தான் இருந்தது. (அதுவும் அவர்கள் ஆள்தான் என்று முடிவு கட்டினேன்.)

கடையைச் சாத்திவிட்டு நேரே காலேஜுக்குப் போனேன். இன்ஜினியர் தம்பி முன்னாலேயே டாக்டரம்மாவிடம் போனை நீட்டினேன்.

"ஒண்ணுமே சாப்பிடல, இவ்வளவு காட்டுது! என்ன ஆராய்ச்சி இது?"

"ஒண்ணுமேவா?"

"வெறும் கருப்பட்டிக் காப்பி."

இன்ஜினியர் தம்பி தரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"அண்ணாச்சி, கருப்பட்டியும் சீனிதான். சுகர் ஏறத்தான் செய்யும்."

"உடன்குடிக் கருப்பட்டி டாக்டர்! கலப்படமே கிடையாது!"

"சரி, கலப்படம் இல்லாத சீனி. ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிப்பீங்க?"

ஒரு கை விரல் போதாமல் மறு கையையும் மடக்கினேன்.

சிப் சொன்னது உண்மை என்றால், அந்தக் கேள்விக்கும் ஏதோ காரணம் இருக்குமோ? தம்பி வெளியே போகும்வரை காத்திருந்தேன்.

"டாக்டர், அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்கள்லா? ஜம்முன்னு இருக்குன்னு சொன்னேம்லா? அது இல்ல."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும்.

"சுகர் கூடிக்கிட்டே இருந்தா நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுக்கும். சில பேருக்கு அது இப்படித்தான் முதல்ல தெரியும். அதான் கேட்டேன். வைத்தியம் இருக்கு அண்ணாச்சி. ரத்தக்குழாய் விஷயங்கிறதால நெஞ்சுக்கும் சேத்து டெஸ்ட் பாத்துருவோம். வீட்டம்மாட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல அங்க சொல்லுங்க."

(நல்லவேளை! பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பவரிடம் போகலாமா என்று இரண்டு தடவை யோசித்தவன் நான்.)

வீட்டுக்கு வந்தேன். செல்வி சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

கை நின்றுவிட்டது அவளுக்கு. திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப, என்னயப் பிடிக்காம இல்லியா?"

"ஏளா! என்ன பேச்சு பேசுத?"

"குண்டாயிட்டேன், முடி நரைச்சிட்டு, அதான் திரும்பிப் படுக்குதீங்கன்னு நெனச்சேன். நீங்க கடைக்குப் போனப்பொறவு கண்ணாடியப் பாத்து எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன் நான். இவள் இத்தனை நாளும் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். மீன் வாடையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

இதை இங்கே எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். வெட்கப்பட்டு வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.

"எழுதுங்க" என்றாள். "எத்தன வீட்ல எத்தன பேரு கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு இருக்காளுவளோ."